டெக்ஸ்ட் ஃபைல் பிரின்ட்: பக்கத்தை எண்ணுவது யார்?

சம்பளப் பட்டியல் எடுக்கும் நாள். பல வருடங்களாக ஓடும் பழைய புரோகிராம், அலங்காரம் எதுவும் இல்லாத வெறும் டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றைத் தருகிறது. இத்தனை நாள் டாட் மேட்ரிக்ஸ் பிரின்டரில் அது ஒழுங்காக வந்துகொண்டிருந்தது. இப்போது அலுவலகத்துக்குப் புது லேசர் பிரின்டர் வந்திருக்கிறது. முதல் தாள் சரியாக விழுகிறது. இரண்டாவது தாளில் தலைப்பு ஆறு வரி கீழே இறங்கியிருக்கிறது. ஐந்தாவது தாளை எடுத்துப் பார்த்தால், ஊழியரின் பெயர் ஒரு தாளில், கைக்கு வரும் தொகை அடுத்த தாளில்.

இந்த இடத்தில் பலரும் ஃபைலைத் திறந்து, என்டர் தட்டித் தட்டி வெற்று வரிகளைச் சேர்க்கிறார்கள். அந்த மாதம் தப்பித்துவிடலாம். அடுத்த மாதம் இரண்டு பேர் புதிதாக வேலைக்குச் சேர்ந்தால் எல்லா வரியும் நகர்ந்துவிடும். மறுபடி முதலிலிருந்து தட்ட வேண்டும். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். வீணாவது உங்கள் நேரம் மட்டும் என்றால்கூடப் பரவாயில்லை. பக்கம் தவறிப் பிரிந்தால் ஒருவரின் சம்பள விவரம் இன்னொருவர் கைக்குப் போகிறது. பரிசோதனைக் கூடமாக இருந்தால் ஒரு நோயாளியின் சர்க்கரை அளவு அடுத்த நோயாளியின் தாளில் ஏறி உட்கார்ந்துவிடும். இதைச் சின்ன வேலை என்று நினைத்து மேலோட்டமாகச் செய்யக் கூடாது.

சரிசெய்ய முதலில் ஒரு கேள்விக்கு விடை தெரிய வேண்டும். பக்கம் முடிந்தது என்று சொல்லும் பொறுப்பு யாரிடம் இருக்கிறது? ஃபைலிடமா, அதைத் திறக்கும் மென்பொருளிடமா, பிரின்டரிடமா? மூவரில் ஒருவர் மட்டும்தான் எண்ண வேண்டும். இருவர் எண்ணினால் வெற்றுத் தாள் வரும், தலைப்பு நகரும், இரண்டே வரி அச்சான தாள் நடுவில் முளைக்கும்.

66 வரியும் 60 வரியும்

கணக்கைப் பார்த்துவிடுவோம். இரண்டு பக்கமும் ஓட்டை போட்ட தொடர்தாளின் வழக்கமான நீளம் 11 அங்குலம். அங்குலத்துக்கு 6 வரி என்றால் பக்கத்துக்கு 66 வரி. பழைய புரோகிராம்கள் பல இந்த 66-ஐ நம்பி எழுதப்பட்டவை. 50 வரி விவரம், 16 வெற்று வரி, அடுத்த பக்கத் தலைப்பு என்று அவை தாங்களே எண்ணிக்கொள்ளும். மடிப்புக்கு மடிப்பு ஓடும் தாளில் அந்தக் கணக்கு துல்லியமாக நிற்கும்.

லேசர் பிரின்டரால் தாளின் விளிம்பு வரை அச்சிட முடியாது. மேலும் கீழும் கொஞ்சம் இடம் விட்டாக வேண்டும். பல லேசர் பிரின்டர்கள் தொழிற்சாலையிலிருந்து வரும்போதே பக்கத்துக்கு 60 வரி என்ற அமைப்பில் இருக்கும். புரோகிராம் அனுப்புவது 66, பிரின்டர் ஏற்பது 60. பக்கத்துக்கு 6 வரி வழிகிறது. பத்துப் பக்கம் போனால் 60 வரி, அதாவது ஒரு முழுத் தாள் தள்ளிப்போய்விட்டது. ஒவ்வொரு தாளிலும் தலைப்பு ஒரே அளவாகக் கீழே இறங்கிக்கொண்டே போனால் காரணம் இதுதான். பிரின்டர் பழுது என்று சர்வீஸ் ஆளைக் கூப்பிட வேண்டியதில்லை.

உங்கள் பிரின்டர் எத்தனை வரி ஏற்கிறது என்று யாரையும் கேட்க வேண்டாம். 1 முதல் 100 வரை, வரிக்கு ஓர் எண்ணாக எழுதிய டெக்ஸ்ட் ஃபைல் ஒன்றை, தினமும் அறிக்கை போகும் அதே வழியில் அனுப்பிப் பாருங்கள். முதல் தாளில் கடைசியாக எந்த எண் நிற்கிறதோ அதுதான் விடை. அதை ஒரு சீட்டில் எழுதி பிரின்டர் மேலேயே ஒட்டிவிடுங்கள். இரண்டு தாள் செலவில் தெரிந்துகொள்ளக்கூடிய இந்த எண்ணைத் தெரியாமல் கட்டுக் கட்டாகத் தாளை வீணாக்கும் அலுவலகங்கள் உண்டு.

12-ஆம் எண் குறி

வரி எண்ணும் வேலையிலிருந்து விடுதலை தருவது ஃபார்ம் ஃபீட். 1963-இல் வெளிவந்த ஆஸ்கி குறியீட்டு முறையிலேயே இது உண்டு. அதில் இதன் எண் 12. எழுத்தாகத் தெரியாது. ‘இந்தத் தாள் போதும், அடுத்த தாளின் தலைக்குப் போ’ என்பது மட்டுமே அதன் பொருள். தாள் 11 அங்குலமா, ஏ4-ஆ, 60 வரியா, 64 வரியா என்ற கவலை ஃபைலுக்கு இல்லாமல் போய்விடும்.

யோசனை அதற்கும் பழையது. 1959-இல் வந்த ஐபிஎம் 1403 பிரின்டரில் ஓட்டையிட்ட ஒரு நாடா சுழலும். அதன் முதல் தடத்தில் இருக்கும் ஓட்டை, பக்கத்தின் தலை எது என்று காட்டும். புரோகிராம் ‘ஒன்றாம் தடத்துக்குத் தாவு’ என்றால் தாள் அந்த ஓட்டை வரும் வரை ஓடி நிற்கும். இதன் மிச்சம் இன்றும் மெயின்ஃபிரேம் அறிக்கைகளில் இருக்கிறது. வரியின் முதல் கட்டத்தில் 1 என்று இருந்தால் புதுப் பக்கம், 0 என்று இருந்தால் ஒரு வரி விட்டு அச்சிடு, கூட்டல் குறி என்றால் முந்தைய வரியின் மேலேயே அச்சிடு. வங்கி, காப்பீட்டு நிறுவன வேலைகளில் இப்படிப்பட்ட ஃபைல் உங்கள் கணினிக்கு இறங்கி வந்தால், இடது ஓரத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கும் 1-ஐத் தட்டச்சுப் பிழை என்று அழித்துவிடாதீர்கள். பேஜ் பிரேக் அதுதான். முதல் கட்டத்தில் 1 உள்ள வரிகளுக்கு முன் ஃபார்ம் ஃபீடைச் சேர்த்து, பிறகு முதல் கட்டத்தை நீக்குங்கள். யூனிக்ஸ் வகைக் கணினிகள் பலவற்றில் இந்த மாற்றத்துக்கென்றே ‘அசா’ என்ற பழைய கட்டளை இருக்கிறது.

புரோகிராம் உங்கள் கையில் இருந்தால் மாற்றம் ஒரே வரிதான். சி, ஜாவா, பைத்தான் மூன்றிலும் மேற்கோள் குறிக்குள் பின்சாய்கோடும் சிறிய எஃப்-உம் போட்டால் ஃபார்ம் ஃபீட். ஃபாக்ஸ்புரோவிலும் கிளிப்பரிலும் ‘எஜெக்ட்’ கட்டளை. கோபோலில் அச்சு வரியை எழுதும்போது ‘ஆஃப்டர் அட்வான்சிங் பேஜ்’. ஆரக்கிளின் எஸ்க்யூஎல் பிளஸ் வழியாக அறிக்கை எடுப்பவர்கள் ‘நியூபேஜ்’ அமைப்பை 0 ஆக்கினால் ஒவ்வொரு பக்கத்தின் தலையிலும் ஃபார்ம் ஃபீட் வரும். ஆனால் அது முதல் பக்கத்தின் தலையிலும் ஒன்றைப் போடும். அறிக்கைக்கு முன்னால் ஒரு வெற்றுத் தாள் விழுந்தால் காரணத்தை அங்கே தேடுங்கள்.

கையால் போட வேண்டியிருந்தால் ஒரு பொறியைத் தாண்ட வேண்டும். விண்டோஸில் ஆல்ட் விசையைப் பிடித்துக்கொண்டு எண் விசைகளில் 12 அடித்தால் போதும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படிச் செய்தால் வருவது பெண் பாலினத்தைக் குறிக்கும் வட்டமும் சிலுவையும் சேர்ந்த படம். பழைய ஐபிஎம் பிசி எழுத்துத் தொகுப்பில் 12-ஆம் இடத்தில் அந்தப் படம் இருந்ததால் வரும் குழப்பம் இது. அதற்குப் பக்கத்தைப் பிரிக்கும் சக்தி கிடையாது. நோட்பேட் பிளஸ் பிளஸ் வைத்திருந்தால் இப்படிச் செய்யுங்கள். பக்கம் பிரிய வேண்டிய இடத்திலெல்லாம் வேறு எங்கும் வராத ஓர் அடையாளத்தை, உதாரணமாக நான்கு ஹேஷ் குறிகளை, எழுதிவிடுங்கள். தேடி மாற்றும் பெட்டியில் ‘எக்ஸ்டென்டட்’ முறையைத் தேர்ந்து, மாற்று இடத்தில் பின்சாய்கோடு, சிறிய எக்ஸ், பூஜ்யம், சி என்று அடித்தால் எல்லா இடத்திலும் ஃபார்ம் ஃபீட் உட்கார்ந்துவிடும். திரையில் கறுப்புப் பெட்டிக்குள் இரண்டு எஃப் எழுத்துகளாக அது தெரியும். விம்மில் எழுதும் நிலையில் கண்ட்ரோல் வி, பிறகு கண்ட்ரோல் எல். ஈமேக்ஸில் கண்ட்ரோல் க்யூ, கண்ட்ரோல் எல்.

எங்கே போடுகிறோம் என்பதும் முக்கியம். முந்தைய வரியை முழுதாக முடித்துவிட்டு, அடுத்த பக்கத் தலைப்பு வரியின் முதல் எழுத்துக்கு ஒட்டி முன்னால் போடுங்கள். ஃபார்ம் ஃபீடைத் தனி வரியில் போட்டால் அதன் பின் வரும் என்டர், புதுப் பக்கத்தின் தலையில் ஒரு வெற்று வரியாக மாறும். வரியை முடிக்காமல் நடுவில் போட்டால், நேரடியாக டெக்ஸ்ட் வாங்கும் லேசர் பிரின்டர்கள் பல அடுத்த தாளின் தலைக்குப் போனாலும் இடது ஓரத்துக்குத் திரும்பாது. விட்ட இடத்துக்கு நேராகவே தொடரும்.

யார் மதிப்பார், யார் விழுங்குவார்

ஃபைலில் ஃபார்ம் ஃபீட் சரியாக இருந்தும் பக்கம் பிரியவில்லை என்றால், வழியில் யாரோ அதை விழுங்குகிறார்கள். முதல் சந்தேகம் விண்டோஸ் நோட்பேட் மேல் இருக்கட்டும். அது தன் மார்ஜினையும் எழுத்தளவையும் வைத்து தானே பக்கம் பிரிக்கும். ஃபார்ம் ஃபீடைக் கண்டுகொள்ளாது. பிரவுசரில் டெக்ஸ்ட் ஃபைலைத் திறந்து பிரின்ட் கொடுத்தாலும் இதே கதைதான். எத்தனை முறை அமைப்பை மாற்றினாலும் இவற்றில் வேலை நடக்காது.

லிப்ரே ஆபீஸ் ரைட்டரில் அதே ஃபைலைத் திறந்தால் ஃபார்ம் ஃபீட் இருக்கும் இடமெல்லாம் உண்மையான பேஜ் பிரேக்காக மாறும். எம்.எஸ். வேர்டும் அப்படித்தான். செலவில்லாமல், எந்தக் கணினியிலும் செய்யக்கூடியது என்பதால் என் பரிந்துரை ரைட்டர்தான். திறந்ததும் எல்லாவற்றையும் தேர்ந்தெடுத்து கூரியர் போல எல்லா எழுத்தும் ஒரே அகலமுள்ள எழுத்துருவுக்கு மாற்றி, மார்ஜினைக் குறைத்து, பிடிஎஃப் ஆக்கிப் பாருங்கள். பக்க எண்ணிக்கை எதிர்பார்த்தபடி இருந்தால் மட்டும் தாளுக்கு அனுப்புங்கள். வேர்டில் இன்னொரு வசதி: அடையாளக் குறியைத் தேடி, மாற்று இடத்தில் கேரட் குறியும் சிறிய எம்-உம் கொடுத்தால் ஒரே அடியில் எல்லா இடத்திலும் பேஜ் பிரேக் விழும்.

லினக்ஸில் கப்ஸ் என்ற அச்சு அமைப்பு ஃபார்ம் ஃபீடை மதிக்கும். ‘எல்பி’ கட்டளையோடு அங்குலத்துக்கு எத்தனை எழுத்து, எத்தனை வரி என்றும் சொல்லலாம். தலைப்பும் பக்க எண்ணும் வேண்டுமானால் ‘பிஆர்’ கட்டளை இருக்கிறது. அதன் வழக்கமான பக்கம் 66 வரி; மேலே 5, கீழே 5 போக நடுவில் 56. லேசர் பிரின்டருக்கு அனுப்பும்போது பெரிய எஃப் விருப்பத்தைச் சேர்த்தால் வெற்று வரிகளால் நிரப்புவதற்குப் பதிலாக ஃபார்ம் ஃபீட் போடும். விம்முக்குள் இருந்தே பிரின்ட் கொடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு: அதன் அச்சு அமைப்பில் ஃபார்ம் ஃபீட் தொடக்கத்தில் ‘வேண்டாம்’ என்று இருக்கும். ‘வேண்டும்’ என்று மாற்றினால்தான் பக்கம் பிரியும்.

பிரின்டருக்கு நேராக அனுப்புவது இன்னொரு வழி. விண்டோஸில் ‘ஜெனரிக் டெக்ஸ்ட் ஒன்லி’ டிரைவரைப் போட்டு, புரோகிராமிலிருந்து குறிகளை அப்படியே அனுப்பலாம். அல்லது பிரின்டரை நெட்வொர்க்கில் ஷேர் செய்து, ‘காப்பி’ கட்டளையால் ஃபைலை அந்த ஷேர் பெயருக்கு அனுப்பலாம். அப்போது பைனரி என்பதற்கான பி விருப்பத்தைச் சேர்க்க மறக்காதீர்கள். இல்லாவிட்டால் 26-ஆம் எண் குறியைக் கண்ட இடத்தில் ஃபைல் முடிந்துவிட்டதாக எண்ணிக் கட்டளை நின்றுவிடும். இந்த வழி, டெக்ஸ்டை நேராகப் புரிந்துகொள்ளும் பிரின்டர்களுக்கு மட்டுமே பொருந்தும். விலை குறைந்த பல இன்க்ஜெட், லேசர் பிரின்டர்களுக்கு டிரைவர் இல்லாமல் ஒரு எழுத்தும் புரியாது.

நேராக அனுப்பினால் கடைசிப் பக்கத்துக்கும் ஒரு ஃபார்ம் ஃபீட் வேண்டும். அது இல்லாவிட்டால் லேசர் பிரின்டர் அரைகுறைப் பக்கத்தை நினைவில் வைத்துக்கொண்டு, விளக்கு மின்ன, மீதி வரும் என்று காத்திருக்கும். அடுத்து யாராவது இன்னொரு ஃபைலை அனுப்பினால் இரண்டும் ஒரே தாளில் அச்சாகலாம். டிரைவர் வழியாகவோ கப்ஸ் வழியாகவோ போனால் முடிவில் தாளைத் தள்ளும் வேலையை அவையே பார்த்துக்கொள்ளும். அங்கே கடைசியில் ஃபார்ம் ஃபீட் இருந்தால் ஒரு வெற்றுத் தாள் கூடுதலாக வரக்கூடும்.

அகலமும் பக்கத்தைக் கெடுக்கும்

ஒரு தாள் முழுதாக, அடுத்த தாளில் இரண்டே வரி, பிறகு மறுபடி முழுத் தாள். இந்த வரிசை தெரிந்தால் ஃபார்ம் ஃபீட் வேலை செய்கிறது, ஆனால் பக்கத்தின் வரிகள் பிரின்டர் ஏற்பதைவிட இரண்டு அதிகம் என்று பொருள். 62 வரி அனுப்பினால் 60 ஒரு தாளில், மீதி 2 அடுத்த தாளில், உடனே ஃபார்ம் ஃபீட். நிரப்புவதற்காகப் போட்ட வெற்று வரிகளை முதலில் எடுத்துவிடுங்கள். ஃபார்ம் ஃபீட் வந்த பிறகு அவற்றுக்கு வேலை இல்லை.

அப்படியும் வழிந்தால் அகலத்தைப் பாருங்கள். அங்குலத்துக்கு 10 எழுத்து என்ற வழக்கமான அளவில் ஏ4 தாளில் 80 எழுத்து கொள்வதே கடினம். அகலத் தாளுக்காக 132 எழுத்து வரிசையில் எழுதப்பட்ட பேரேட்டை அதில் அனுப்பினால், ஒவ்வொரு நீள வரியும் மடிந்து இரண்டாகும். சில மென்பொருள்கள் வலப்பக்கத்தை வெட்டியே விடும். மடிந்த வரியும் வரிதானே, பக்கக் கணக்கு அங்கேயே உடைந்துவிடும். தாளைக் குறுக்காகத் திருப்பி, அங்குலத்துக்கு 12 எழுத்து வைத்தால் 132 எழுத்துக்கு 11 அங்குலம் போதும். ஏ4-இன் நீளம் 11.69 அங்குலம். நெருக்கமாக இருக்கும், ஓர மார்ஜினைக் குறைக்க வேண்டும், ஆனாலும் கொள்ளும். குறுக்குத் தாளின் உயரம் 8.27 அங்குலம்தான் என்பதால் வரிகளின் எண்ணிக்கை 45 வாக்கில் இறங்கிவிடும் என்பதை நினைவில் வையுங்கள். திருப்பிய பிறகு 1 முதல் 100 வரையான எண் சோதனையை மறுபடி செய்ய வேண்டும்.

புதிதாக ஓர் அறிக்கையை வடிவமைக்கிறீர்கள் என்றால் இணையத்தின் தொழில்நுட்ப விதிகளை வகுக்கும் ஆர்எஃப்சி ஆவணங்களின் பழைய அளவைப் பின்பற்றுங்கள். வரிக்கு 72 எழுத்து, பக்கத்துக்கு 58 வரி, முடிவில் ஃபார்ம் ஃபீட் என்று பல ஆண்டுகள் அவை வெளிவந்தன. 11 அங்குலத் தொடர்தாளிலும் ஏ4 லேசரிலும் அடங்கும் அளவு அது.

தமிழ் கலந்த ஃபைல் என்றால் எச்சரிக்கை இன்னும் கூடுதலாக வேண்டும். யூனிகோடில் ‘கி’ என்ற ஓர் எழுத்து இரண்டு குறிகளாகப் பதிவாகிறது. யுடிஎஃப்-8 ஃபைலில் அது 6 பைட். பைட்டையோ குறியையோ எண்ணிப் பத்திகளை நேராக்கும் பழைய கருவிகள் தமிழ்ப் பெயர்களில் தடுமாறும். ‘என்ஸ்கிரிப்ட்’ போன்ற பழைய அச்சுக் கருவிக்கு யுடிஎஃப்-8 தெரியாது. லினக்ஸில் ‘பாப்ஸ்’ அல்லது ரைட்டர் வழியாகப் போங்கள். இன்னொரு சிக்கல் உயரம். தமிழ் எழுத்து உள்ள வரி, ஆங்கில எழுத்து மட்டும் உள்ள வரியைவிடத் திரையிலும் தாளிலும் உயரமாக வருவது வழக்கம். அதனால் ஒரு பக்கத்தில் எத்தனை வரி கொள்ளும் என்பது, அந்தப் பக்கத்தில் எத்தனை தமிழ்ப் பெயர் இருக்கிறது என்பதைப் பொறுத்து மாறும். ரைட்டரில் வரி இடைவெளியை ‘ஃபிக்ஸ்ட்’ என்று அமைத்து ஓர் அளவைக் கொடுத்துவிட்டால் எல்லா வரியும் ஒரே உயரத்துக்கு வரும். மேலும் கீழும் கொம்பு, சுழி வெட்டுப்படாத அளவாகப் பார்த்துக் கொடுங்கள்.

பில் தாளும் டாட் மேட்ரிக்ஸும்

லாரி புக்கிங் அலுவலகம், மொத்த மருந்துக் கடை, நகைக் கடை என்று கார்பன் நகல் தேவைப்படும் இடங்களில் டாட் மேட்ரிக்ஸ் இன்னும் போகவில்லை. அங்கே பெரும்பாலும் பில் தாள் முழு நீளம் இருக்காது. 6 அங்குல பில் என்றால் 36 வரி. ஆனால் பிரின்டர் தன் பக்கம் 11 அங்குலம் என்றே நினைத்துக்கொண்டிருக்கும். ஒரு பில் முடிந்து ஃபார்ம் ஃபீட் வந்தால் 11 அங்குலம் தாவி, இரண்டாவது பில்லின் ஐந்தாவது அங்குலத்தில் போய் நிற்கும். அடுத்த பில் அங்கேதான் தொடங்கும். ஒழுங்காக அச்சடித்து வைத்த எண் போட்ட பில் தாள்கள் வீணாகும். வரிசை எண் விட்டுப்போனால் தணிக்கையில் அதற்குப் பதில் சொல்லவும் வேண்டும்.

எப்சன் முறையைப் பின்பற்றும் பிரின்டர்களில் 27, 67, 36 என்ற மூன்று எண் குறிகளை அனுப்பினால் பக்க நீளம் 36 வரியாக அமையும். 12 அங்குலத் தாளுக்குக் கடைசி எண் 72. இந்தக் குறிகள் வரும்போது அச்சுத் தலை எங்கே நிற்கிறதோ அதையே பக்கத்தின் தொடக்கமாகப் பிரின்டர் எடுத்துக்கொள்ளும். ஆகவே தாளை மடிப்புக்கு நேராக நிறுத்திய பிறகுதான் அனுப்ப வேண்டும். 27, 64 என்ற மீட்டமைப்புக் குறி இந்த நீளத்தை அழித்துவிடும் என்பதால், இரண்டையும் அனுப்பும் புரோகிராமில் மீட்டமைப்பு முதலில், நீளம் பிறகு. பிரின்டர் இயங்கிக்கொண்டிருக்கும்போது பக்கத்துத் திருகைக் கையால் சுற்றித் தாளை நகர்த்தாதீர்கள். தாள் நகர்ந்தது பிரின்டருக்குத் தெரியாது, அது தன் கணக்கிலேயே இருக்கும். மடிப்பைத் தாண்டி அச்சிடும் வசதி இயக்கத்தில் இருந்தால் அதையும் நிறுத்துங்கள். அது பக்கத்துக்கு ஓர் அங்குலத்தைத் தானாகத் தாண்டும்; 66 வரி எண்ணும் புரோகிராமுக்கு 60 வரிதான் கிடைக்கும்.

விண்டோஸ் டிரைவர் வழியாக பில் அச்சிட்டால் நீளத்தை அங்கே சொல்ல வேண்டும். பிரின்ட் சர்வர் அமைப்புகளில் 6 அங்குல உயரத்தில் ஒரு புதுத் தாள் அளவை உருவாக்கி, அதையே அந்தப் பிரின்டருக்கு வழக்கமான தாளாக வையுங்கள். டிரைவரில் ஏ4 இருக்க, புரோகிராம் 36 வரி எண்ணிக்கொண்டிருந்தால் பக்கத்தை இருவர் எண்ணுகிறார்கள் என்று அர்த்தம்.

புரோகிராம் உங்கள் கையில் இல்லை, விற்ற நிறுவனத்திடம்தான் கேட்க வேண்டும் என்றால், ‘பிரின்ட் சரியாக வரவில்லை’ என்று புகார் எழுதாதீர்கள். அதற்கு ‘பிரின்டரை மாற்றிப் பாருங்கள்’ என்ற பதில்தான் வரும். இப்படிக் கேளுங்கள்: பக்கத்துக்கு எத்தனை வரி அனுப்புகிறீர்கள்? பக்க முடிவில் 12-ஆம் எண் குறி அனுப்புகிறீர்களா, வெற்று வரியால் நிரப்புகிறீர்களா? தொடக்கத்தில் பக்க நீளக் குறி போகிறதா? கூடவே உங்கள் எண் சோதனைத் தாளின் படத்தையும் மூன்று பக்க மாதிரி ஃபைலையும் இணையுங்கள். மாதிரியில் உண்மையான ஊழியர், வாடிக்கையாளர் பெயர்களை எடுத்துவிட்டு வேறு பெயர் போடுங்கள். ஃபைலை மின்னஞ்சலின் உள்ளே ஒட்டாமல் ஜிப் செய்து இணையுங்கள். ஒட்டினால் ஃபார்ம் ஃபீட் வழியிலேயே காணாமல் போகலாம், எதைச் சரிசெய்வது என்று அவர்களுக்கும் தெரியாது.